ஆறாத புண்ணும் உடனிருப்பவரும்

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் நோயாளிக்குச் செய்யப்படும் பணிவிடைகளில் பெரும்பகுதி வீட்டார் கையாலேயே நடக்கிறது. கஞ்சி புகட்டுவதும், உடம்பு துடைத்துவிடுவதும், சிறுநீர்ப் பையைக் காலி செய்வதும், கட்டு நனைந்திருப்பதைக் கண்டு செவிலியரை அழைப்பதும், சீட்டோடு மருந்துக்கடைக்கு ஓடுவதும், இரவில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பதும் ‘உடனிருப்பவர்’ என்று ஏடுகளில் குறிக்கப்படும் ஒருவரின் வேலையாக இருக்கின்றன. அவர் பெரும்பாலும் நோயாளியின் மனைவியோ மகளோ மருமகளோதான். மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்டெஃபிலோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரியைப் பற்றிய நெறிமுறைகள் மருத்துவரையும் செவிலியரையும் நோக்கி எழுதப்பட்டிருப்பதால், நோயாளியின் உடம்பை நாள்தோறும் பலமுறை தொடுகிற இந்த ஒருவரைப் பற்றி அவற்றில் அதிகம் பேசப்படுவதில்லை. அந்த நுண்ணுயிரி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும் போய்வரும் வழிகளுள் முக்கியமானது மனிதக் கை என்பதை ஏற்றுக்கொண்டால், அந்தக் கைக்குரியவருக்கு நோயின் தன்மையைச் சொல்லித்தருவதை உபசாரமாகக் கருத முடியாது. அது மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது.

அரக்கோணம் இதை எண்ணிப்பார்க்க ஏற்ற ஊர். 2019ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இராணிப்பேட்டை மாவட்டத்துக்கு வந்துசேர்ந்த இந்த இரயில் சந்திப்பிலிருந்து கிழக்கே சுமார் 70 கிலோமீட்டரில் சென்னை சென்ட்ரலும், மேற்கே சுமார் 60 கிலோமீட்டரில் வேலூருக்கான நிலையமான காட்பாடியும், வடக்கே சிறிது தொலைவில் திருத்தணியும், அதற்கப்பால் ஆந்திர எல்லையும் இருக்கின்றன. உள்ளூர் மருத்துவரிடம் தொடங்கும் ஒரு கால்புண், அரசு மருத்துவமனைக்குப் போய், அங்கும் ஆறாவிட்டால் வாலாஜாப்பேட்டைக்கோ, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கோ, சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளுக்கோ இரயிலேறுவது இப்பகுதியில் வழக்கமான பாதைதான். இந்தப் பயணத்தில் மருத்துவர் மாறுகிறார், மருந்து மாறுகிறது, சீட்டுகள் தொலைகின்றன. தொடர்ச்சியாக உடன்வருபவை புண்ணும், அதைக் கவனித்துக்கொள்ளும் உறவும், புண்ணிலுள்ள கிருமியும் மட்டுமே.

அந்தக் கிருமி புதியதல்ல. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1880இல் சீழை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, கொத்துக் கொத்தாகக் காணப்பட்ட உருண்டை உயிரிகளைக் கண்டறிந்து, பின்னர் அவற்றுக்கு ஸ்டெஃபிலோகாக்கஸ் என்று பெயரிட்டார்; பொன்னிறத்தில் வளரும் வகைக்கு ஆரியஸ் என்னும் அடைமொழியை ஜெர்மானியரான ரோசன்பாக் 1884இல் சேர்த்தார். தமிழ்நாட்டு வீடுகளில் வேனல்கட்டி, நகச்சுற்று, சீழ்ச்சிரங்கு என்று வழங்கும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கும், நீரிழிவுக்காரர்களின் முதுகிலோ பிடரியிலோ பல கண்களோடு எழும்பும் இராஜபிளவைக்கும் காரணம் இந்த உயிரியே. வேனல்கட்டியை உடற்சூட்டின் விளைவாகக் கருதி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவதும், அது பழுத்து உடைந்ததும் ஆறிவிடுவதும் தலைமுறைகளின் அனுபவம். சீழ் வெளியேறினால் பெரும்பாலான கட்டிகள் ஆறிவிடும் என்ற அளவில் அந்த அனுபவம் பிழையானதல்ல.

ஆரோக்கியமானவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் எந்தத் தொல்லையும் இல்லாமல் இதைத் தம் மூக்கின் முன்பகுதியில் சுமந்து திரிகிறார்கள். கிருமி உடம்பில் குடியிருப்பது வேறு, அது நோயை உண்டாக்குவது வேறு என்னும் இந்த வேறுபாடு, பின்னால் குடும்பத்தின் நிலையைப் பேசும்போது மையமாக வரப்போகிறது. தோலில் கீறலோ வெடிப்போ விழும்போதும், அறுவையின்போதும், ஊசிக்குழாய் நெடுநாள் நரம்பில் இருக்கும்போதும், சர்க்கரை கட்டுக்கடங்காதபோதும், குடியிருந்த உயிரி நோயாக மாறக்கூடும். குருதியில் கலந்துவிட்டால் இதய வால்வு, முதுகெலும்பு, நுரையீரல் என்று எங்கும் தங்கிச் சீழ்பிடிக்கச் செய்யும்.

பென்சிலின் புழக்கத்துக்கு வந்த வேகத்திலேயே இந்தக் கிருமி அதற்கு மாற்று கண்டது. இலண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் மேரி பார்பர் செய்த ஆய்வில், பென்சிலினுக்குப் பணியாத ஸ்டெஃபிலோகாக்கஸ் 1946இல் 14 விழுக்காடாக இருந்து 1948இல் 59 விழுக்காடாக உயர்ந்திருந்தது. பென்சிலினைச் சிதைக்கும் ஒரு நொதியை அக்கிருமிகள் சுரந்தன. அந்த நொதியால் சிதைக்க முடியாத மெத்திசிலின் என்னும் மருந்து 1959இல் வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1961இல், இலண்டன் கோலிண்டேல் ஆய்வகத்தின் பட்ரீசியா ஜெவன்ஸ், சோதித்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகளில் மூன்று மெத்திசிலினுக்கும் கட்டுப்படவில்லை என்று அறிவித்தார். எம்.ஆர்.எஸ்.ஏ. என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் ‘மெத்திசிலினை எதிர்க்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்’ பதிவேட்டில் ஏறியது அப்போதுதான். ஆனால் அந்தப் பழைய மாதிரிகளின் மரபணுக்களை 2017இல் ஆராய்ந்தவர்கள், மெத்திசிலின் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்பே, 1940களின் நடுவிலேயே, அந்த எதிர்ப்பாற்றல் தோன்றிவிட்டதாகக் காட்டினர். அதாவது பென்சிலினின் பெரும் புழக்கமே அடுத்துவரும் மருந்துக்கான எதிர்ப்பையும் முன்கூட்டிச் சேகரித்துவைத்திருந்தது.

எதிர்ப்பின் பொறிமுறையைத் தெரிந்துகொள்வது ஆர்வத்துக்காக மட்டுமல்ல, வீட்டில் எந்த மாத்திரை வீண் என்பதை அறியவும் உதவும். நுண்ணுயிரி தன் மேற்சுவரைக் கட்டிக்கொள்ளச் சில புரதங்களைப் பயன்படுத்துகிறது. பென்சிலின் குடும்ப மருந்துகள் அந்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு சுவர் வேலையை நிறுத்திவிடுவதால் உயிரி சாகிறது. மெக்-ஏ என்னும் மரபணுவைப் பெற்ற ஸ்டெஃபிலோகாக்கஸ், இம்மருந்துகள் ஒட்ட முடியாத வேறொரு புரதத்தைச் செய்துகொண்டு சுவர் கட்டுவதைத் தொடர்கிறது. இதன் விளைவு பரந்தது: மெத்திசிலினோடு அமாக்சிசிலின், அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மாத்திரை, செஃபிக்சிம், செஃப்ட்ரையாக்சோன் ஊசி என்று ஊர் மருந்துக்கடைகளில் அதிகம் கைமாறும் மருந்துகள் ஒருசேரப் பயனற்றுப்போகின்றன. மெத்திசிலினே இன்று வழக்கொழிந்துவிட்டது. ஆய்வகங்கள் அதற்குப் பதிலாக செஃபாக்சிடின் வில்லையை வைத்துச் சோதிக்கின்றன. சீழிலுள்ள கிருமியை வளர்த்துச் சோதித்துக் குடும்பத்தார் கையில் தரப்படும் கல்ச்சர் அறிக்கையில் செஃபாக்சிடினுக்கு எதிரே ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால், மேற்சொன்ன மருந்துகள் எவையும் இந்தப் புண்ணுக்கு உதவாது என்று பொருள். ‘எஸ்’ என்று குறிக்கப்பட்டவற்றுள்ளிருந்துதான் மருத்துவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். எதிர்ப்பாற்றல் பெற்றது கிருமிதான், நோயாளியின் உடம்பல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்; ‘இவருக்கு மருந்தே ஏறாத உடம்பு’ என்று உறவுகளில் பேசப்படும் பேச்சுக்கு அடிப்படை கிடையாது.

ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் இது மருத்துவமனைக் கிருமியாகவே கருதப்பட்டது. 1990களில் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியிலும், பிறகு அமெரிக்காவிலும், மருத்துவமனைப் பக்கமே போகாதவர்களிடம் அது காணப்பட்டது. 1997க்கும் 1999க்கும் இடையில் மின்னசோட்டா, வடக்கு டக்கோட்டா மாநிலங்களில் நான்கு குழந்தைகள் இதனால் இறந்த செய்தி மருத்துவ உலகை உலுக்கியது. இந்தியத் துணைக்கண்டத்துக்கும் சொந்தமாக ஒரு வகை உண்டு. வங்காளதேசத்திலும் இந்தியாவிலும் 2004இல் முதலில் பிரித்தெடுக்கப்பட்ட எஸ்.டி. 772 என்னும் அவ்வகையை ஆய்வாளர்கள் வங்காள விரிகுடாவின் பெயரால் அழைக்கிறார்கள். மருத்துவமனைக்கு வெளியே பரவும் வகைகள் பொதுவாகச் சில மருந்துகளுக்கு மட்டுமே எதிர்ப்புக் காட்டுபவை என்ற எண்ணத்துக்கு மாறாக, இது பல மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் பணியாத வகை.

இந்தியாவில் எண்ணிக்கை எப்படி? 15 பெரிய மருத்துவமனைகளை உள்ளடக்கிய ஒரு வலைப்பின்னல் 2008, 2009 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 26,310 ஸ்டெஃபிலோகாக்கஸ் மாதிரிகளைத் திரட்டி, முதலாண்டில் 42 விழுக்காடும் அடுத்த ஆண்டில் 40 விழுக்காடும் மெத்திசிலின் எதிர்ப்புடையவை என்று கண்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பின்னர் தொடங்கிய கண்காணிப்பில் 2016இல் 28 விழுக்காடாக இருந்தது 2021இல் 42 விழுக்காட்டைத் தாண்டியது. தமிழ்நாட்டளவில் 2006இல் வெளியான ஓர் ஆய்வு இவற்றைவிடக் கவனத்துக்குரியது. நோயாளிகளிடமிருந்து எடுத்த மாதிரிகளில் 31 விழுக்காடு எதிர்ப்புடையவையாக இருந்தபோது, நோயில்லாமல் கிருமியைச் சுமப்பவர்களிடமிருந்து எடுத்த மாதிரிகளில் அது 38 விழுக்காடாக இருந்தது. சுமப்போர் மாதிரிகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் இதிலிருந்து பெரிய முடிவுகளுக்குத் தாவக் கூடாது. ஆனாலும் எதிர்ப்புடைய கிருமி நோயுற்றவரிடம் மட்டும் அடைபட்டுக் கிடப்பதில்லை என்ற அளவுக்கு இது போதிய சான்று.

இந்நிலை எப்படி வந்தது என்பதற்கு வேலூரிலேயே ஒரு விடை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியாக 2003 முதல் 2005 வரை, வேலூர் நகரிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் உள்ள மருத்துவமனைகள், தனி மருத்துவர்கள், மருந்துக்கடைகள் ஆகிய இடங்களிலிருந்து வெளியே வந்தவர்கள் என்ன மருந்து பெற்றார்கள் என்று பதிவு செய்யப்பட்டது. அரக்கோணமும் அன்று வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்ததே. சுமார் 53 ஆயிரம் பேரைக் கவனித்ததில் பத்துக்கு நான்கு பேர் கையில் ஆண்டிபயாடிக் இருந்தது. சளியும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும், அதாவது பெரும்பாலும் வைரசால் வந்து தானாகவே தணியும் தொல்லைகள், இவற்றில் பெரும்பங்கு வகித்தன. மருந்துக்கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. ஒருநாள் கூலியை இழந்து மருத்துவருக்காகக் காத்திருக்க முடியாதவர், இரண்டு நாளைக்கு மட்டும் மாத்திரை வாங்கக் காசுள்ளவர், ‘பவரான’ மருந்து தராத மருத்துவரைத் திறமையற்றவராக எண்ணுகிறவர், அந்த எண்ணத்துக்கு அஞ்சி எழுதிக்கொடுக்கும் மருத்துவர் என்று எல்லாரும் சேர்ந்து உருவாக்கிய பழக்கம் இது.

ஒருவர் தவறாக உண்ட மருந்தின் விளைவை அவர் வீட்டிலுள்ள வேறொருவர் அனுபவிக்க நேரும் என்பதை வெகு முன்பே சொன்னவர் பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங். 1945 டிசம்பரில் தம் நோபல் உரையில் அவர் ஒரு கற்பனைக் குடும்பத்தை முன்வைத்தார்: தொண்டைப்புண் வந்த கணவன் தானே பென்சிலின் வாங்கி அரைகுறையாக உண்கிறான், சாகாமல் மருந்தைப் பழகிக்கொண்ட கிருமி மனைவியைப் பற்றுகிறது, அவளுக்குப் பென்சிலின் பலிக்காமல் இறக்கிறாள். ஃபிளெமிங் எடுத்துக்காட்டிய தொண்டைப்புண் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்றுவரை பென்சிலினுக்குப் பணிந்தே இருக்கிறது என்பதும், அவர் கதையை மெய்ப்பித்தது ஸ்டெஃபிலோகாக்கஸ் என்பதும் வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. ஆனால் அவர் குடும்பத்தைக் களமாகத் தேர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது.

சட்டம் இதைத் தடுக்க முயன்றிருக்கிறது. 2012 ஆகஸ்டில் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள், தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூரின் ஒருங்கிணைப்பில் ‘சென்னைப் பிரகடனம்’ என்ற ஆவணத்தை வெளியிட்டு, ஆண்டிபயாடிக் விற்பனைக்கு நடைமுறையில் சாத்தியமான கட்டுப்பாடுகளைக் கோரின. அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்டு 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்-1 பட்டியல், செஃபிக்சிம், செஃப்ட்ரையாக்சோன், லீவோஃப்ளாக்சசின் முதலியவற்றை விற்கும்போது மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. அமாக்சிசிலினும் அசித்ரோமைசினும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. மருத்துவர் எட்டாத ஊரில் உயிர்காக்கும் மருந்து கிடைக்காமல் போய்விடக் கூடாது என்ற நியாயம் அதற்குப் பின்னால் இருந்தது. அந்த நியாயத்தின் விலையும் சிறியதல்ல.

விலையை ரூபாயிலும் சொல்ல முடியும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருந்தியலாளர் சுஜித் சாண்டியும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, குருதித் தொற்றென்று சந்தேகிக்கப்பட்டுச் சேர்க்கப்பட்டவர்களில் எதிர்ப்புடைய கிருமி பற்றியவர்களையும் மருந்துக்குப் பணியும் கிருமி பற்றியவர்களையும் ஒப்பிட்டது. முதல் பிரிவினரின் செலவு இரண்டாம் பிரிவினரைவிடச் சுமார் 42 ஆயிரம் ரூபாய் கூடியிருந்தது. படுக்கையில் இருந்த நாட்கள் மூன்று கூடின. இறப்பும் பத்து விழுக்காட்டுப் புள்ளிகள் அதிகம். இது எல்லாவகைக் கிருமிகளையும் சேர்த்த கணக்கு என்றாலும், வேலூருக்கு இரயிலேறும் ஒரு குடும்பம் எதை எதிர்கொள்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. உடனிருப்பவர் இழக்கும் கூலியும், வெளியே வாங்கும் சோறும், ஊரில் பாட்டியிடம் விட்டுவந்த பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மருத்துவமனையின் பில்லில் வருவதில்லை.

சிகிச்சை என்ன என்பதில் முதலில் நிற்பது கத்தி. கட்டியில் சீழ் திரண்டிருந்தால் அதைக் கீறி வடிப்பதுதான் முதன்மையான மருத்துவம்; மருந்து அதற்குத் துணை. 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சிறிய சீழ்க்கட்டிகளைக் கீறிவிட்டு கிளிண்டாமைசினோ கோட்ரைமாக்சசோலோ கொடுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 82 விழுக்காட்டினர் குணமானபோது, கீறிவிட்டு வெறும் போலி மாத்திரை கொடுக்கப்பட்டவர்களிலும் 69 விழுக்காட்டினர் குணமாயினர். வீட்டில் ஊசியால் குத்துவதும் பிதுக்குவதும் இந்தக் கணக்கில் சேராது; சீழ் உள்நோக்கிப் பரவ அதுவே வழியாகும்.

குருதியில் கலந்த தொற்றுக்கு வான்கோமைசின் பல பத்தாண்டுகளாகத் தூணாக நிற்கிறது. போர்னியோக் காட்டு மண்ணிலிருந்து கிடைத்து 1958இல் புழக்கத்துக்கு வந்த இம்மருந்து நரம்பு வழியாக மெதுவாக ஏற்றப்பட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இறங்க வேண்டிய சொட்டை, ‘சீக்கிரம் முடியட்டும்’ என்று உடனிருப்பவர் உருளையைத் திருப்பி வேகப்படுத்தினால் நோயாளியின் முகமும் மார்பும் சிவந்து அரிப்பெடுக்கலாம், குருதியழுத்தம் சரியலாம். சிறுநீரகத்தை இது பாதிக்கக்கூடும் என்பதால் குருதிச் சோதனைகள் அடிக்கடி நடக்கும். அவை வீண் செலவல்ல. 2000இல் வந்த லினசோலிட் மாத்திரையாகவும் கிடைப்பதால் வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு வசதியானது, ஆனால் இரண்டு வாரத்தைத் தாண்டினால் குருதியணுக்கள் குறைகின்றனவா என்று வாரந்தோறும் பார்க்க வேண்டும். மனச்சோர்வுக்கு மாத்திரை உண்பவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பல மருந்துகளுக்குப் பணியாத காசநோய்க்கும் லினசோலிட் ஒரு முதன்மை மருந்து என்பதால், சாதாரணக் கொப்புளத்துக்கு அதைக் கேட்டு வாங்கி உண்பது வேறொரு நோயாளியின் மருந்தை மழுங்கடிப்பதாகும்.

குருதித் தொற்றுக்குக் குறைந்தது இரண்டு வாரமும், இதய வால்விலோ எலும்பிலோ தங்கிவிட்டால் நான்கிலிருந்து ஆறு வாரமோ அதற்கு மேலோ மருந்து தேவைப்படும். காய்ச்சலோ சில நாட்களிலேயே இறங்கிவிடலாம். குடும்பங்கள் மிகுதியும் தடுமாறுவது இந்த இடைவெளியில்தான்: எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கிற ஒருவரை இன்னும் ஒரு மாதம் ஊசியோடு வைத்திருப்பது ஏன் என்று வீட்டாருக்குப் புரிவதில்லை, பெரும்பாலும் யாரும் புரியவைப்பதும் இல்லை. இடையில் நிறுத்தப்பட்ட மருத்துவம் சில வாரம் கழித்து முதுகுவலியாகவோ குளிர்காய்ச்சலாகவோ திரும்பும்போது, அதைப் பழைய நோயோடு சேர்த்துப் பார்க்கும் அறிவு அந்த வீட்டில் இருக்க வேண்டும்.

வீடு திரும்பியபின் எழுவது அச்சம். அம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகி, நோயாளிக்குத் தனிப் பாயும் தனித் தட்டும் ஒதுக்கி, அடுக்களையில் தாளிப்பை நிறுத்தி, வெளியாரை உள்ளே விடாமல், நோய் இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்துவைக்கும் ஒழுங்கு தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குப் பழக்கமானது. காற்றில் பரவும் நோய்க்கு அந்த ஒதுக்கம் பொருத்தமாகவே இருந்தது. அதற்கு ஒரு முடிவுநாளும் இருந்தது. ஸ்டெஃபிலோகாக்கஸ் விஷயத்தில் இவ்விரண்டும் இல்லை. அது பெரும்பாலும் தொடுகையால் பரவுகிறது. புண் ஆறியபின்னும் மாதக்கணக்கில் மூக்கில் தங்கியிருக்கலாம். எனவே அம்மைக்குரிய ஒதுக்கத்தை இதற்கும் நீட்டிக்கும் வீடுகள், தாத்தாவின் மடியில் பேரப்பிள்ளைகள் ஏறக் கூடாது என்றும் அவர் திண்ணையிலேயே இருக்கட்டும் என்றும் தொடங்கி, எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் தவிக்கின்றன. சாதியின் பேரால் தீண்டாமையைப் பழகிய சமூகத்தில் ஒதுக்கிவைப்பது மிக எளிதாக வந்துவிடும். அதைக் கைவிடுவதுதான் கடினம். ஒதுக்கம் மருத்துவமனையிலேயே தீங்கற்றதல்ல: டொரான்டோ, பாஸ்டன் நகரங்களின் இரண்டு மருத்துவமனைகளில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், தொற்றுத் தடுப்புக்காகத் தனிமைப்படுத்தப்பட்ட நோயாளிகளுக்குப் பிறரைவிட இருமடங்கு பாதகங்கள் நேர்ந்திருந்தன, மருத்துவரும் செவிலியரும் அவர்களைப் பார்க்கப் போவது குறைந்தது காரணங்களில் ஒன்றாக இருக்கலாம்.

வீட்டுக்குத் தேவைப்படுவது மனிதரை விலக்குவதல்ல, புண்ணையும் துணியையும் விலக்குவது. கசியும் புண் முழுதும் மூடப்பட்டிருந்தால், நோயாளி எல்லாரோடும் உட்கார்ந்து உண்ணலாம், பிள்ளையைத் தூக்கலாம். கட்டு மாற்றுமுன்னும் மாற்றியபின்னும் சோப்பால் கை கழுவுவதும், கழற்றிய பஞ்சையும் துணியையும் பையில் கட்டிப்போடுவதும், துண்டையும் சவரக்கத்தியையும் நகவெட்டியையும் தனியாக வைத்திருப்பதும், படுக்கைத் துணியைச் சோப்புத்தூளில் துவைத்து நல்ல வெயிலில் காயவைப்பதும் இதில் மிகப்பெரும்பகுதியை அடக்கிவிடுகின்றன. தனி அறை, தனிக் குளியலறை என்ற மேலைநாட்டு அறிவுரை ஓரறை வீட்டில் செல்லாது. ஆனால் ஒரு கொடியில் ஒரே துண்டு தொங்கும் வழக்கத்தை மாற்றுவது எந்த வீட்டிலும் இயலும். ஆடிக் கிருத்திகைக்கு இலட்சக்கணக்கானோர் காவடியோடும் முடிகாணிக்கையோடும் ஏறும் திருத்தணியைப் பக்கத்தில் வைத்திருக்கும் ஊருக்கு இன்னொன்றும் பொருந்தும்: மழிக்கும்போது விழும் கீறல்கள் ஸ்டெஃபிலோகாக்கஸ் நுழைய வாகானவை என்பதால், ஒவ்வொரு தலைக்கும் புது பிளேடு கேட்பது நியாயமான உரிமை. தமிழகக் கோயில்களில் மொட்டைக்கான கட்டணம் 2021இல் நீக்கப்பட்டபின், பிளேடைச் சிக்கனப்படுத்தப் பக்தரிடம் காரணம் சொல்லவும் இடமில்லை.

கிருமியை உடம்பிலிருந்தே நீக்க முடியுமா? முபிரோசின் களிம்பை மூக்கினுள் ஐந்து நாள் இருவேளை தடவி, குளோர்ஹெக்சிடின் கரைசலால் குளிப்பது வழக்கமான முறை. கலிபோர்னியாவில் மருத்துவமனையிலிருந்து வெளியேறிய 2,121 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், மாதம் இருமுறை ஐந்து நாட்கள் வீதம் ஆறு மாதம் இம்முறையைக் கடைப்பிடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்று 30 விழுக்காடு குறைந்தது; விடாமல் கடைப்பிடித்தவர்களுக்கு 44 விழுக்காடு குறைந்தது. குடும்பத்துக்கு இன்னும் நெருக்கமான சான்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தினுடையது: தோல்தொற்று வந்த பிள்ளைக்கு மட்டும் இதைச் செய்வதைவிட வீட்டார் எல்லாரும் சேர்ந்து செய்தபோது, அடுத்த ஓராண்டில் மீண்டும் கட்டி வந்தவர்கள் குறைந்தனர். வியப்பு என்னவென்றால், மூக்கிலிருந்து கிருமி அகன்ற அளவில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கிருமியை அடியோடு ஒழிப்பது இலக்காக இருக்க வேண்டியதில்லை, நோய் திரும்பாமல் இருந்தால் போதும் என்று இதைப் படிப்பதே பொருத்தம். முபிரோசினுக்கும் எதிர்ப்பு தோன்றுவதால், ஒரே ஒரு கட்டி வந்து ஆறிய வீட்டில் இதைத் தொடங்கத் தேவையில்லை. திரும்பத் திரும்ப வரும் வீட்டுக்கே மருத்துவர் ஆலோசனையோடு இது உரியது.

இவை எல்லாவற்றையும்விட இப்பகுதியில் பலனளிக்கக்கூடியது சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதாக இருக்கலாம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வு, நாட்டுச் சராசரி 11.4 விழுக்காடாக இருக்கையில் தமிழ்நாட்டில் அது 14.4 விழுக்காடு என்றது. உணர்விழந்த பாதத்தில் முள் குத்தியதே தெரியாமல் நடந்து, புண்ணாகி, சீழ்பிடித்து, விரலை எடுக்கும் நிலைக்கு வருபவர்களை எல்லாப் பெரிய மருத்துவமனைகளின் அறுவைப் பிரிவிலும் காணலாம். தினமும் இரவில் பாதத்தைப் பார்க்கும் வேலை, கண்பார்வை மங்கிய முதியவரைவிட அவர் வீட்டுப் பிள்ளைக்கே எளிது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நீரிழிவு மாத்திரையோடு வீட்டுக்கே வரும் ஊழியர்கள் பாதத்தையும் கட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போக முடிந்தால், பல இரயில் பயணங்கள் குறையும்.

அந்தப் பயணத்தில் குடும்பம் தவறாமல் எடுத்துச்செல்ல வேண்டியது கல்ச்சர் அறிக்கை. ஜாதகத்தை இரும்புப் பீரோவில் பத்திரப்படுத்தும் வீடுகளில்கூட இந்தத் தாள் ஆறு மாதத்தில் காணாமற்போகிறது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குப் பணிந்தது, எந்த நாளில் சோதிக்கப்பட்டது என்பதைப் புதிய மருத்துவமனையில் சேரும் முதல் மணிநேரத்தில் காட்டினால், முடிவு வரும்வரை இரண்டு மூன்று நாள் குருட்டாம்போக்கில் மருந்து கொடுக்கும் நிலை தவிர்க்கப்படும். நெதர்லாந்தில் எதிர்ப்புக் கிருமியைச் சுமந்திருக்க வாய்ப்புள்ளவரை நுழைவிலேயே சோதித்துத் தனியே வைக்கும் வழக்கம் பல ஆண்டுகளாக நடப்பில் இருக்கிறது. அதனால் அங்கே குருதித் தொற்றுகளில் எம்.ஆர்.எஸ்.ஏ.வின் பங்கு மிகக் குறைவாகவே இருந்துவருகிறது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வந்துபோகும் தமிழக மருத்துவமனைகளில் அது இயலாதபோது, தகவலைச் சொல்லவேண்டியவர் உடன்வரும் உறவினரே. வெளியேற்றச் சீட்டில் இதை ஒரு வரியாகத் தமிழில் எழுதித்தருவதற்குப் புதிய சட்டமோ நிதியோ தேவையில்லை.

விழுக்காடுகளை வாசிக்கும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் எண்கள், புதுச்சேரி ஜிப்மர், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற உயர்நிலை மருத்துவமனைகளுக்கு வந்துசேர்ந்த மாதிரிகளிலிருந்து பெறப்பட்டவை. அங்கே வருபவர்களில் பலர் ஏற்கெனவே இரண்டு மூன்று மருந்துகளை உண்டு பயன்பெறாதவர்கள். உள்ளூரிலேயே கீறி வடித்து ஆறிப்போன கட்டிகள் எந்த ஆய்வகத்துக்கும் போவதில்லை, எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆகவே நூற்றுக்கு நாற்பது என்ற அளவு ஒரு வட்டத் தலைநகரின் புண்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ள இடமில்லை. வட்ட மருத்துவமனை அளவில் சீழ்ச்சோதனை வழக்கமாகும்வரை, அரக்கோணத்தில் ஒரு கால்புண்ணுக்கு முதல் மருந்தை எழுதும் மருத்துவர் வேலூரின் எண்ணையோ சென்னையின் எண்ணையோ வைத்துக்கொண்டே எழுத வேண்டியிருக்கும்.